முள் வெட்டுகிற இடத்துக் குருவி

அந்தக் குருவியின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இருந்ததில்லை. உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையின் மேல்தான் ஆசை. அந்த வேலை குருவி வழியாக வருவதாக இருந்தது. அதனால் குருவியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் வருஷம், கார்த்திகை மாதம். அஞ்செட்டிக்குத் தெற்கே, தொட்டல்லா ஆற்றில் போய்ச் சேருகிற ஓடை ஒன்றின் இரண்டு கரையிலும் இலாகா ஏலம் விட்ட மூங்கில் வெட்டு, எங்கள் பேச்சில் கூப்பு, நடந்துகொண்டிருந்தது. மேட்டில் இருப்பதெல்லாம் காய்ந்த காடு. ஓடைப் பள்ளம் மட்டும் வேறு. நீர்மத்தியும் நாவலும் மேலே கூடிக்கொண்டு நிற்கும். நடுப்பகலிலும் வெயில் தரைக்கு வராது. மழை பெய்து ஓய்ந்த பிறகு உள்ளே போனால் சோறு கொதிக்கிற பானைக்குள் தலையை விட்டது போலிருக்கும். போட்ட சட்டை காயாது. பட்ட புண் ஆறாது. கொசுவும் உண்ணியும் ஆளைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அங்கே நின்றது பெருமூங்கில். ஒரு குத்தில் முப்பது நாற்பது மூங்கில் சேர்ந்து நிற்கும். மூங்கிலை வெட்டுவது பெரிய காரியம் இல்லை. அதன் கிட்டே போவதுதான் பெரிய காரியம். அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு முள் கிளை பின்னிக்கொண்டு கிடக்கும். முதலில் ஒருவன் கொடுவாளோடு குனிந்து உள்ளே புகுந்து அந்த முள்ளைக் கழித்துவிட வேண்டும். அவன் வழி செய்த பிறகுதான் மற்றவர்கள் வந்து நின்றபடி வெட்டுவார்கள். வெட்டியதைப் பெண்கள் இழுத்துப் போய்க் கட்டுக் கட்டுவார்கள். முள் கழிக்கிற வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. நான் பதினோரு வருஷம் அதைச் செய்தேன்.

அந்தக் கார்த்திகைக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு மூங்கில் சறுக்கிக்கொண்டு வந்து என் வலது தோளில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. கீழிருந்து மேலாக வீசி வெட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். குனிந்து செய்கிற வேலை ஆனதால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் என் வீட்டுக்காரி வெள்ளையம்மா ஒருத்திதான். மேஸ்திரி திம்மராயனுக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வைத்துவிடுவார். கூப்பில் அதுதான் வழக்கம். ஆள் போனால் அவன் பின்னால் வந்த பெண்ணுக்கும் கட்டுக் கட்டுகிற வேலை போய்விடும். வெட்டுகிறவனுக்குத் துணையாகத்தான் பெண்களைச் சேர்ப்பார்கள். தனியாக ஒருத்தியைச் சேர்க்க மாட்டார்கள்.

பள்ளத்துக்கு மேலே மேட்டில் காட்டு இலாகாவின் பங்களா ஒன்று இருந்தது. பெயர்தான் பங்களா. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. அங்கே வாட்ச்சராக இருந்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். பெருக்க வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், யாராவது வந்தால் விளக்கேற்றி வைக்க வேண்டும். மற்ற நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். தண்ணீரை இடது கையால்கூடச் சுமந்துவிடலாம். நான் அந்த வராந்தாவைப் பார்க்கிற போதெல்லாம் என் தோள் அதைக் கேட்கும்.

இந்த நிலைமையில்தான் பெங்களூரிலிருந்து சேஷகிரி ராவ் வந்தார். சர்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள். கான்வாஸ் ஜோடு, குடை, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் தூரக்கண்ணாடி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் என்பதால் அவருடைய கன்னடம் கலந்த தமிழ் எங்களுக்குச் சிரமமாக இல்லை. மத்தியானம் நாங்கள் களி தின்றுகொண்டிருந்தபோது ரேஞ்சர் அவரை அழைத்துக்கொண்டு வந்தார். ராவ் ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். வர்ணத்தில் எழுதிய ஒரு குருவிப் படம்.

"நோடப்பா, இந்தக் குருவி. யாராவது பாத்தது உண்டா? குளிர் காலத்துல மட்டும் வரும். ஈ, கொசு புடிச்சுத் தின்னும். இருட்டான எடத்துல, ரொம்பத் தாழ்வா உக்காரும். சத்தம் போடாது."

படம் கைக்குக் கை போயிற்று. உடம்பெல்லாம் மண் நிறம், வயிறு கொஞ்சம் வெளுப்பு, பெரிய கண். கோவிந்தன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"என்னாங்க சாமி, ஊருல இருக்கற குருவியெல்லாம் இப்படித்தான் இருக்குது. எங்க மேஸ்திரிகூட இந்தக் கலருதான்."

"வாய மூடுடா" என்றார் மேஸ்திரி.

படம் என்னிடம் வந்தது. எனக்கு அது தெரிந்த குருவிதான். ஆனால் படத்தில் கால் கறுப்பாக இருந்தது.

"சாமி, காலு இப்படி இருக்காதுங்களே. வைக்கோலாட்டம் வெளுப்பா இருக்குமே" என்றேன்.

ராவ் குடையைக் கீழே போட்டுவிட்டார். என் முன்னால் வந்து ஈர மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

"கால் எப்படித் தெரியும் உனக்கு? பாத்தியா?"

"தெனமும் பாக்கறேனுங்க. முள்ளு கழிக்கறப்ப பக்கத்துலயே வந்து ஒக்காரும். நான் குனிஞ்சுக்கிட்டு இருக்கறேனில்ல, எங்கண்ணுக்கு நேரா அது காலுதான் தெரியும்."

அவர் தன் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். அதில் எழுதியிருந்ததைத் தமிழில் எனக்குச் சொன்னார். கால் வெளுப்பு, கீழ் அலகு வெளுப்பு. படம் எழுதினவன் வேறு ஒரு குருவியின் காலை இதற்குப் போட்டுவிட்டானாம். பத்து வருஷமாகக் குளிர் வந்ததும் ஒவ்வொரு காடாகப் போய்த் தேடுகிறாராம். இதுவரை கண்ணில் படவில்லை. ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது, அடுத்த வருஷம் வந்து பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் வராது என்று சொல்வது போலச் சொன்னார்.

ரேஞ்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முனிவேல்தானே உன் பேர்?"

"ஆமாங்க சாமி."

"பங்களாவுக்கு ஆள் போடணும். நாலு பேர் வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. பெரியவர் மூணு நாள்தான் இருப்பார். வியாழக்கிழமை காலையில மூங்கில் லாரியில தேன்கனிக்கோட்டை போறார். அதுக்குள்ள அந்தக் குருவியைக் காட்டிடு. உன் பேரையே எழுதி அனுப்பிடறேன். ஆள் திடமாத்தானே இருக்கே?"

"இருக்கறேனுங்க" என்றேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

குடிசைக்கு வந்து சொன்னேன். வெள்ளையம்மா முதலில் நம்பவில்லை.

"குருவியக் காட்டுனா வேலையா? அப்ப யானையக் காட்டியிருந்தா ரேஞ்சர் வேலையே குடுத்திருப்பாங்களா?"

"வெளையாடாத புள்ள."

"நான் எங்க வெளையாடறேன். காட்டிட்டு வா. தெனமும் உங்கூடத்தான குடித்தனம் பண்ணுது அது. காட்டறதுக்கு என்னா?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. காட்டுவதற்கு என்ன?

மேஸ்திரி திம்மராயன் பெரிய மனிதர் வந்தால் மரியாதை செய்யத் தெரிந்தவர். ஐயா குருவி பார்க்கப் போகிறார், பள்ளத்தில் ஒரு சத்தம் வரக் கூடாது என்று சொல்லி, மூன்று நாளைக்குக் கூப்பு ஆட்கள் அத்தனை பேரையும் மேட்டுக் காட்டுக்கு மாற்றிவிட்டார். பள்ளத்தில் கொடுவாள் வைக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. கோயில் திருவிழாவில் சாமி வருகிற தெருவைக் கூட்டித் துடைத்து வைப்பது போல் அந்தப் பள்ளத்தை எங்கள் ஆட்கள் காலி செய்து வைத்தார்கள். ராவுக்கு அதில் சந்தோஷம். எனக்கும் அது சரியென்றே பட்டது. குருவி பார்க்கிறதென்றால் சத்தம் போடாமல்தானே பார்க்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நானும் அவரும் போய், நான் பாதி முள் கழித்து வைத்திருந்த ஒரு குத்தின் எதிரில் உட்கார்ந்தோம். மூங்கில் இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவருடைய தூரக்கண்ணாடி ஆவி படிந்து புகைந்து போகும், துடைப்பார், மறுபடி புகைந்து போகும். என் காலில் உண்ணி ஏறியது. எடுக்கக்கூட அசையவில்லை. மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. ஒரு மைனா வந்தது. ஒரு கரிச்சான் வந்தது. ஓடைத் தண்ணீருக்கு ஒரு கீரிப்பிள்ளை வந்தது. எங்கள் குருவி வரவில்லை.

பதினோரு வருஷத்தில் ஒரு பகல் முழுதும் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். இருந்தும் உடம்பு ஆறவில்லை. முள் வெட்டினால் வருகிற அலுப்பு ஒரு மாதிரி. ஒன்றும் செய்யாமல் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற அலுப்பு வேறு மாதிரி. இது எலும்புக்குள் போய்விடுகிறது.

புதன்கிழமை காலையும் அதேபோல. ராவ் குத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். மாற்றினோம். அங்கேயும் இல்லை. மேட்டிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கிய கோவிந்தன் எங்கள் பக்கம் மெதுவாக வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாடா முனிவேலு, உங்குருவி மாமியார் ஊட்டுக்குப் போயிருக்குதா?"

"போடா அந்தாண்ட."

அவன் ராவிடம் குனிந்து, "சாமி, பாத்தேன்னு எழுதிட்டுப் போங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றான்.

"நான் கேப்பேனே" என்றார் ராவ். "பாக்காததை எழுதினா ராத்திரி தூக்கம் வராது அப்பா."

கோவிந்தன் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆனால் அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. கால் நிறத்தைக் குருட்டாம்போக்கில் சொன்னேனோ, வேலைக்காகச் சொன்னேனோ என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதினோரு வருஷம் பார்த்ததை ஒன்றரை நாளில் கண் நம்பாமல் போய்விட்டது.

மத்தியானம் வெள்ளையம்மா களி கொண்டு வந்தாள். ராவ் கொஞ்ச தூரத்தில் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவள் என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"வரலையா?"

"வரல."

"காலையில லாரி வந்துடும்யா."

"தெரியும் புள்ள."

"அது எந்நேரத்துல வரும்? காலையிலயா, பொழுது எறங்கறப்பயா?"

"நேரமெல்லாம் இல்ல. நாம்பாட்டுக்குக் குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருப்பேன். திரும்பிப் பாத்தா ஒக்காந்திருக்கும்."

"சும்மா ஒக்காந்திருக்கறப்ப எப்பனா வந்திருக்குதா?"

"நான் எப்ப புள்ள சும்மா ஒக்காந்தேன்?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த களியை வட்டிலில் போட்டேன்.

முள்ளைக் கிளறினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியுமே. அடியில் அடைந்து கிடக்கிற ஈ, கொசு, சின்னப் பூச்சி எல்லாம் புகை மாதிரி எழும்பும். என் மூக்கிலும் காதிலும் நுழையும். நான் தும்முவேன். அந்தக் குருவி தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, சட்டென்று இறங்கி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பும். என்னைப் பார்க்க அது வரவில்லை. நான் கிளப்பிவிட்டதைத் தின்ன வந்தது. ஒன்றரை நாளாக நாங்கள் அதன் முன்னால் மரியாதையாக உட்கார்ந்து அதைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

ராவை எழுப்பிச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பேடப்பா. கத்தி சத்தம் கேட்டா ஓடிப் போகும். முப்பது வருஷமா பறவை பாக்கறேன் நான்."

"நீங்க பாத்த குருவி ஓடும் சாமி. இது வரும்."

வெள்ளையம்மா நடுவில் புகுந்தாள். "சாமி, மாடு மேயற எடத்துல கொக்கு நிக்கறதில்லையா? மாட்டு மேல ஆசையாவா நிக்குது? அந்த மாதிரிதான்."

ராவ் குத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வெட்டு" என்றார்.

ஆட்களைக் கூப்பிட நேரமில்லை. மேட்டுக் காட்டிலிருந்து அவர்கள் இறங்கி வருவதற்குள் பொழுது போய்விடும். முள் கழிக்கிறவன் நான் ஒருவன்தான். கொடுவாளின் பின்பக்கத்தால் குத்தை மூன்று தரம் தட்டினேன். பச்சைப் பாம்பு இருந்தால் விலகட்டும் என்று எல்லாரும் செய்வதுதான். பிறகு குனிந்து உள்ளே புகுந்தேன்.

ஒன்றரை நாள் குளிர்ந்து கிடந்த தோள். முதல் வெட்டிலேயே கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக வீசினேன். பத்து வெட்டு, இருபது வெட்டு. பூச்சி எழும்பியது. வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்க முடியாது, ஒரு கை முள்ளைப் பிடித்திருந்தது, மற்றது கொடுவாளில் இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. இடது பக்கம் ஒரு கொடியில் அது உட்கார்ந்திருந்தது. வைக்கோல் கால். பெரிய கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. எப்போதும் அப்படித்தான்.

"சாமி, எடது பக்கம். கொடியில" என்றேன். திரும்பவில்லை, வெட்டை நிறுத்தவில்லை.

"எங்கே? எங்கே? ஐயோ, கண்ணாடி..." தூரக்கண்ணாடி புகைந்துவிட்டது. அவர் வேட்டி நுனியால் துடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டு வெட்டு வெட்டினேன். மூன்றாவதற்குக் கை எழும்பவில்லை. கொடுவாள் பிடியிலிருந்து நழுவி விழுந்தது. குருவி ஓரமாகச் சாய்ந்து இருட்டுக்குள் போய்விட்டது.

நான் முள்ளுக்குள்ளேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தீங்களா சாமி?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"ஏதோ ஒரு நிழல் போச்சு அம்மா. பாத்தேன்னு சொல்ல முடியாது." அவர் என் பக்கம் வந்தார். "இன்னும் கொஞ்சம் வெட்டப்பா. பொழுது இருக்கு."

நான் கொடுவாளை எடுக்கப் போனேன். விரல் மூடியது, கை வரவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை. வராந்தா போயிற்று என்று நினைத்தேன். வருத்தப்படக்கூடத் தெம்பு இல்லை.

வெள்ளையம்மா புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். தலைத் துணியை இறுக்கிக் கட்டினாள். கொடுவாளை எடுத்தாள்.

"ஏ புள்ள, பொம்பள தொடக் கூடாது அத. குத்து பட்டுப் போவும்னு சொல்லுவாங்க" என்றேன்.

"படட்டும். எப்படியும் வெட்டிச் சாய்க்கற குத்துதான். நவுரு."

அவள் அதுவரை முள் வெட்டியதில்லை. முதல் நாலைந்து வெட்டு கோணல் மாணலாக விழுந்தது. ஒரு கிளை திரும்பி வந்து அவள் கன்னத்தைக் கீறியது. "கிட்டப் புடிச்சு வெட்டு, எட்டி வெட்டாத" என்றேன். அவள் பிடியை மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெட்டு ஒரு கணக்குக்கு வந்தது. வெட்டு, இழு, வெட்டு, இழு. பதினோரு வருஷம் அந்தச் சத்தத்தை நான் உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன். வெளியே இருந்து கேட்டது அன்றுதான். மோசமான சத்தம் அது.

அது வந்தது. அவள் தோளுக்கு இரண்டு முழ தூரத்தில், நான் முன்பு பார்த்த அதே கொடியில். ராவ் இந்தத் தரம் தூரக்கண்ணாடியைத் தொடவே இல்லை. வெறுங்கண்ணாலேயே பார்க்கிற தூரம். நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கையால் மூடினார். உதடு அசைந்தது.

"காலு... அலகு கீழே வெளுப்பு... ரெக்கை ஓரம் செம்பு மாதிரி..." பிறகு இன்னும் மெதுவாக, "நிறுத்தாதே அம்மா. கொஞ்ச நேரம். நிறுத்தாதே."

"நிறுத்தல சாமி. பாருங்க. பாத்து முடிங்க சீக்கிரம், கை எரியுது."

குருவி இறங்கியது. அவள் காலடியில் ஒரு பூச்சியைப் பிடித்தது. கொடிக்குத் திரும்பியது. மறுபடி இறங்கியது. ராவ் நோட்டில் பென்சிலால் வரைந்தார், பார்த்தார், வரைந்தார். அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. வியர்வையோ என்னவோ, அந்தப் பள்ளத்தில் யாருக்கும் தெரியாது.

"எங்கய்யா இருக்குது அது?" என்று முள்ளுக்குள்ளிருந்து கேட்டாள் வெள்ளையம்மா.

"ஒனக்கு எடது பக்கம். தோளுக்குக் கிட்ட."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் முள் முகத்தில் விழும். கோடும் நிறமும் தெரியாதபடி பள்ளம் மங்குகிற வரை வெட்டிக்கொண்டே இருந்தாள். ராவ் நோட்டை மூடின பிறகுதான் வெளியே வந்தாள்.

நாங்கள் மேட்டுக்கு ஏறியபோது ரேஞ்சர் ராவை வழியனுப்ப வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், பார்த்தாச்சா?"

"ஆச்சு. ரொம்ப நல்லாப் பாத்தாச்சு." ராவ் நோட்டைத் திறந்து காட்டினார். ரேஞ்சர் படத்தைப் பார்த்தார். அவருக்கும் அது ஊரில் இருக்கிற எல்லாக் குருவியும் போலத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் பலே பலே என்றார்.

"இவன்தானே காட்டினது?"

"இவங்க ரெண்டு பேரும்."

ரேஞ்சர் எங்கள் பக்கம் திரும்பினார். வெள்ளையம்மாவின் கன்னத்தில் இருந்த கீறலைப் பார்த்தார். என் கை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ஏன்யா, கை ஏன் அப்படி இருக்கு? அடிபட்டுதா?"

இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் ராவிடம் கேட்டார்.

"திடமான ஆளா இல்லைன்னா மேலே இருந்து என்னைத்தான் கேப்பாங்க சார். இவன் வேலை செய்யறப்போ கிட்ட இருந்து பார்த்தது நீங்கதான். ஆள் எப்படி? கை நல்லா இருக்கா?"

ராவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் குருவியைத்தான் பாத்தேன். ஆளைப் பாக்கலை" என்றார்.

ரேஞ்சர் சிரித்துவிட்டார். "குருவிக்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காகிதமும் மையும் கொண்டு வந்தார். கையெழுத்துப் போட அப்போது எனக்குத் தெரியாது. கைநாட்டு என்றார். இடது கைப் பெருவிரலைத்தான் அதற்குக் கேட்பார்கள். அது நல்ல காலம்.

அன்று இரவு ராவ் தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. காலையில் லாரி ஏறும்போது நான் போய் நின்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

மார்கழியில் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். மேஸ்திரி திம்மராயன் ஒரு வாரம் முள்ளுக்கு ஆள் தேடினார். கோவிந்தனைக் கேட்டார். அவன், தலையை மொட்டையடித்துக்கொண்டாலும் அடித்துக்கொள்வேன், அந்தப் பள்ளத்தில் குனிய மாட்டேன் என்றான். அஞ்செட்டியிலிருந்து கூட்டி வந்த ஒருவன் இரண்டு நாளில் ஓடிப்போனான். நான் கூப்பை விட்டு வந்ததால் வெள்ளையம்மாவின் கட்டு வேலையும் போயிருந்தது. வாட்ச்சர் சம்பளம் ஒன்றில் இருவரும் சாப்பிட்டு, ஊரில் இருக்கிற அவள் அம்மாவுக்கும் அனுப்ப முடியாது. அவளாகவே போய் மேஸ்திரி முன்னால் நின்றாள்.

"பொம்பள முள்ளு கழிக்கறதா? எந்தக் கூப்புல நடந்திருக்குது?" என்று மேஸ்திரி கத்தினாராம்.

"நடக்கல. நடக்கறப்ப பாத்துக்கோ" என்றாளாம் இவள்.

வேறு ஆள் இல்லை. சேர்த்துக்கொண்டார்.

நான் வராந்தாவைப் பெருக்கிவிட்டு, இடது கையால் இரண்டு நடை தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, உட்கார்ந்திருப்பேன். கீழே பள்ளத்திலிருந்து அந்தச் சத்தம் ஏறி வரும். வெட்டு, இழு. எந்தக் குத்தில் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சத்தம் நின்றால் எழுந்து வராந்தா ஓரத்துக்குப் போய் நிற்பேன். மறுபடி கேட்டதும் வந்து உட்காருவேன். இப்படியே பகல் போகும். சில நாள் சாயங்காலம் எனக்கும் முள் வெட்டின அலுப்பு இருக்கும். வெட்டாமலேயே.

பொழுது சாய்ந்ததும் அவள் மேட்டுக்கு ஏறி வந்து படியில் உட்காருவாள். உள்ளங்கையை நீட்டுவாள். நான் ஊக்கால் முள்ளை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பேன். இடது கையால் செய்வதால் நேரம் ஆகும்.

"இன்னைக்கு வந்துச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு?"

"குருவி."

"வந்துச்சோ என்னமோ. நான் எங்க நிமிந்து பாத்தேன்?" கையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். "மெதுவா எடுய்யா. அது ஆழமாப் போயிருக்குது."